டர்போ போட்ட பூ வண்டி

சென்ற ஆண்டு, தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்து மாசி முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த நேரம். ஈப்போ புந்தோங்கில், கோயிலை ஒட்டிய கடை வரிசையில் எனக்கு ஒரு சின்னப் பூக்கடை இருக்கிறது. மாலை கட்டுவது, சரம் தொடுப்பது, தேங்காய், வாழையிலை, வெற்றிலை விற்பது, இதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் ஒரு பழைய காருக்கு டர்போ போட்டு மலையேறப் போனேன் என்றால் கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நானும் என் வீட்டுக்காரரும் கேமரன் மலைக்குப் போவோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. கோயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைப் பூசை இருக்கிறது, கல்யாணம், காதுகுத்து எல்லாம் இருக்கிறது. பூ மட்டும் கிடையாது. சிரிக்காதீர்கள், மலை முழுக்க ரோஜாவும் சாமந்தியும்தான் விளைகின்றன. ஆனால் அதெல்லாம் பெட்டியில் அடுக்கி கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடும். மல்லிகை அந்தக் குளிருக்கு ஆகாது. மாலை கட்டத் தெரிந்த ஆளும் அங்கே இல்லை. முன்பு ஈப்போ வியாபாரி ஒருவர் லோரியில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டம் ரொம்ப உள்ளே இருக்கிறது, வாங்குவதும் கொஞ்சம்தான் என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அம்மனுக்கே பிளாஸ்டிக் மாலைதான். ஈப்போவுக்கு வந்திருந்த ஒரு தோட்டத்து அம்மா என் கடை வாசலில் நின்று இதைச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். நாலு சிலிண்டர். சமதரையில் சொன்ன பேச்சைக் கேட்கும். சிம்பாங் பூலாயைத் தாண்டி மேடு தொடங்கியதும் அதற்கு மூச்சு வாங்கும். வெறும் பூவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது என்பதால் பின்னால் தேங்காய் மூட்டை, அரிசி, இலைக்கட்டு, பூசைச் சாமான் எல்லாம் இருக்கும். காய்கறி ஏற்றப் போகும் லோரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வளைவில் எங்கள் வண்டி அப்படியே நின்றுவிட்டது. தேங்காய் மூட்டையை இறக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேட்டு உச்சி வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தோம். பிறகு திரும்பி வந்து காரை ஓட்டிப்போய் மறுபடி ஏற்றினோம். என் வீட்டுக்காரர் ஈப்போவில் பஸ் ஓட்டுகிறவர். மூச்சிரைக்க மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இதுக்குப் பேசாம ரெண்டு மாடு வாங்கிக்கலாம்லா" என்றார்.

என் தம்பி சுங்கை சிப்புட் பக்கம் லோரி பழுது பார்க்கிறவன். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை ஆகிப்போன இடம். ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்த பழைய பால் கொட்டாய்தான் அவனுடைய ஒர்க்ஷாப். மூட்டை தூக்கிய கதையைச் சொல்லி அவனிடம் புலம்பியபோது, "லோரியில டர்போ இருக்குக்கா, அதான் ஏறுது. உன் காடிக்கும் ஒண்ணு போட்டா பறக்கும்" என்றான். சரி, போடு என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "சும்மா சொன்னேன்லா" என்று பின்வாங்கினான். சும்மா சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்று பிடித்துக்கொண்டேன். புது வண்டிக்கு எங்களுக்கு வழியில்லை. லயத்துக்குப் போவதை நிறுத்தவும் எனக்கு மனமில்லை. வேறு என்னதான் செய்வது?

டர்போ என்றால் என்னவோ ஏதோ என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் எளிதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், இழுவையும் கூடும். வீணாகப் போகிற புகையை வைத்தே வேலை வாங்குவது எனக்குப் பிடித்திருந்தது. வாடிய பூவைக்கூட உதிர்த்து அர்ச்சனைக்கு விற்கிறவள் நான்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை அடுக்கி வைத்திருக்கும் கடைகளை நாங்கள் கெடாய் போத்தோங் என்போம். அப்படி ஒரு கடையில் சின்ன டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்தோம். காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் அங்கேயே கிடைத்தது. மீதியெல்லாம் பால் கொட்டாயில் செய்ததுதான். தடித்த இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி, எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவில் தம்பி ஒரு பாலம் செய்தான். ஞாயிறுதோறும் கடையை அடைத்துவிட்டு நான் அங்கே போய்விடுவேன். அவன் கை தாட்டியானது, சில இடங்களில் நுழையாது. என் கை நுழையும். கண்ணால் பார்க்காமல் விரலாலேயே முடிச்சுப் போட்டுப் பழகிய கை என்பதால், எட்டாத போல்ட்டுகளையெல்லாம் நானே முடுக்கினேன்.

ஒன்றும் ஒரே தடவையில் சரியாக வரவில்லை. முதலில் ஒட்டிய குழாய் சூட்டில் விரிந்து பிளந்தது. மறுபடி ஒட்டினோம். டர்போவுக்குப் போன எஞ்சின் ஆயில் திரும்பி இறங்க வழி சரியில்லாமல் கொட்டாய் முழுக்க வெள்ளைப் புகை. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். தம்பி ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "ரொம்ப சூசா அக்கா, கஷ்டம், வேணாம் விட்டுடு" என்றான். நான் அந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். ஆயில் இறங்கும் குழாயைச் சரிவாக மாற்றி வைத்ததும் புகை நின்றது. டர்போவின் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தான். நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம், மேடு ஏறினால் போதும். சோதனைக்கும் அனுமதிக்கும் அலைந்தது தனிக்கதை, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அந்த நேரத்தில்தான் லயத்திலிருந்து கல்யாணச் செய்தி வந்தது. என் கடை வாசலில் நின்று பேசிய அதே அம்மாவின் மகளுக்குக் கல்யாணம். கோயிலில் தாலி கட்டு, காலை முகூர்த்தம். மணமாலை, மேடைக்குச் சரம், தேங்காய், இலை, சமையலுக்கு அரிசி எல்லாமே நான்தான் கொண்டுவரவேண்டும். முந்தின நாள் அந்த அம்மா போனில் கேட்டார். "கட்டாயம் வந்துடுவீங்கதானே அக்கா? முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. பிளாஸ்டிக் மாலை வாங்கி வெச்சிருக்கேன், சமாளிச்சிக்குவோம்." அவர் குத்திப் பேசவில்லை. ஏமாந்து ஏமாந்து பழகிப்போன குரல் அது. எனக்கு அதுதான் சுருக்கென்றது. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்கள், முகூர்த்தத்துக்கு முன்னால் நிஜ மாலை வந்து நிற்கும் என்று சொல்லி போனை வைத்தேன்.

வண்டியில் ஒரே ஒரு குறைதான் பாக்கி. டர்போ காற்றை இழுக்கும் வாய்க்கு ஏற்ற ஏர் பில்டர் சொல்லி வைத்தும் வந்து சேரவில்லை. முன்பக்கக் கம்பிகளுக்குப் பின்னால் அந்த வாய் திறந்தபடியே இருந்தது. பில்டர் வராமல் மேலே ஏறாதே என்றான் தம்பி. பில்டர் வரும்வரை பூ காத்திருக்குமா, ஒரு நாள்தானே, தூசிக்கு என்ன அவ்வளவு அவசரம் என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று கிழக்கு வெளுக்கும் முன்பே புந்தோங் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை போட்டோம். புதிதாக வேலை செய்த வண்டி, பூசை போடாமல் எப்படி எடுப்பது? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், குங்குமம். நானே கட்டிய சாமந்தி மாலையைப் பூசாரி வண்டி முகப்பில் சாத்தினார். ஜிகினா வைத்துக் கட்டிய, தடித்த நல்ல மாலை. எங்கள் ஊரில் பூசை போட்ட வண்டியிலிருந்து யாரும் மாலையைக் கழற்றமாட்டார்கள். அது காய்ந்து தானாக விழும் வரைக்கும் அப்படியேதான் ஓடும். எங்கள் வண்டியும் அப்படியே கிளம்பியது.

ஓட்டியது நான்தான். மேடு ஏறத் தொடங்கியதும் நடந்ததை எப்படிச் சொல்வேன். மிதித்தால் முன்னாலிருந்து மெல்லிசாக ஒரு விசில் சத்தம். அடுத்த நொடி முதுகு சீட்டில் அழுந்தியது. மூட்டையெல்லாம் ஏற்றிய அந்தக் கிழட்டு வேகன் மூன்றாம் கியரில் மேடு ஏறியது. முன்னால் போன காய்கறி லோரி ஒன்றை நான் தாண்டினேன். என் வீட்டுக்காரர் மந்திரி மாதிரி அந்த லோரிக்குக் கை காட்டினார். சந்தோஷத்தில் நானும் ஹாரனை அடித்தேன்.

அந்தச் சந்தோஷம் நாலு வளைவுகூடத் தாங்கவில்லை. கிரீச்சென்று ஒரு சத்தம். விசில் நின்றது. வண்டி இழுக்க மறுத்து இருமிக்கொண்டே ஓரத்தில் நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். மாலையின் ஒரு முனையைக் காணோம். காற்றில் அலைந்த மாலையைக் கம்பிகளுக்கு இடையே உறிஞ்சி, டர்போவின் வாய் விழுங்கியிருந்தது. நூலும் ஜிகினாவும் சக்கரத்தோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு, மஞ்சள் இதழ் அப்பிக் கிடந்தது. சக்கரத்தின் உலோகத் தகடுகள் வளைந்திருந்தன. நாளெல்லாம் மாலை கட்டுகிறவள், நானே கட்டிய மாலை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிக்குப் போட்டது, இது சாப்பிட்டுருச்சு" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

போனில் சிக்னல் இல்லை. பின் சீட்டில் ஈரத் துணிக்குள் மணமாலைகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பெண் அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுடைய அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், மூலையில் பிளாஸ்டிக் மாலை தயாராக இருக்கும். அதை நினைத்ததும் அழுகை போய் எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த வண்டி டர்போ இல்லாமலும் ஓடிய வண்டிதானே? அப்படியே மறுபடி ஓட்டினால் என்ன? எல்லாக் குழாயையும் மாட்டியவள் நான். கழற்றவும் தெரியும்.

அதற்குள் நாங்கள் தாண்டி வந்த காய்கறி லோரி வந்து சேர்ந்தது. ஓட்டிக்கொண்டு வந்த சீனக் கிழவர் எங்களைப் பார்த்ததும் ஓரம் கட்டினார். கை காட்டியதற்குக் கிண்டல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எஞ்சினைப் பார்த்தார், இலைக்கட்டையும் தேங்காயையும் பார்த்தார், எந்தத் தோட்டத்தில் கல்யாணம் என்று மலாயில் கேட்டார், சொன்னோம். லோரி காலியாகத்தான் மேலே போகிறது, ஆனால் தோட்டத்துக்குள் போகும் குறுகிய பாலத்தில் அது நுழையாது, கனமானதையெல்லாம் கொடு, தோட்டத்துக்குப் பிரியும் முச்சந்திக் கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். முன்பின் தெரியாத ஆள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழியும் இல்லை, அவர் முகத்தில் கள்ளமும் இல்லை. அரிசி, தேங்காய், இலை எல்லாவற்றையும் அவர் லோரியில் ஏற்றினோம். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயை முதலில் எடுத்தேன். கை வெந்தது, புடவை முந்தானையைச் சுற்றிக்கொண்டு எடுத்தேன். நல்லகாலம், ஜிகினாத் துண்டுகள் இன்டர்கூலரோடு நின்றிருந்தன. எஞ்சின் வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. டர்போவில் சிக்கிய நூலை நான் இழுக்கவில்லை. சக்கரம் சுற்றாமல் இறுகிக் கிடப்பதே இப்போதைக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். இனி எஞ்சின் தன் வாயாலேயே காற்றை இழுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த வாயைத் திறந்தபடி விடும் புத்திகெட்ட வேலையை மறுபடி செய்யமாட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"பனியனைக் கழட்டுங்க" என்றேன்.

நடுரோட்டிலா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் பட்டுச் சட்டையைக் கழற்றி, பனியனை உருவிக் கொடுத்தார். இரண்டாக மடித்து எஞ்சின் வாயில் விறைப்பாக இழுத்துக் கட்டி, குழாயைப் பிடித்திருந்த இரும்பு வளையத்தாலேயே இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு தரம் தும்மியது. அப்புறம் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு கிளம்பியது.

மீதி மலையை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஏறினேன். பின்னால் கறுப்புப் புகை. தாண்டிப் போன எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, அவ்வளவுதான் என் கண்ணில் தெரிந்தது. சூடு காட்டும் முள் ஏறும்போதெல்லாம், கண்ணா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வண்டியிடம் வாய்விட்டுக் கெஞ்சினேன். பக்கத்தில் அவர் பனியன் இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டே மாலைப் பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

முச்சந்திக் கடை வாசலில் எங்கள் மூட்டைகள் ஒன்று குறையாமல் அடுக்கியிருந்தன. இலைக்கட்டின் மேல் வெயில் படாமல் கோணிச் சாக்கு வேறு போட்டிருந்தார் அந்த மனிதர். அதையெல்லாம் எடுத்து வரும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நாங்கள் மாலையோடு நேராகக் கோயிலுக்குப் போனோம்.

மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்தாகிவிட்டது. இரண்டு பேர் கழுத்திலும் பிளாஸ்டிக் மாலை. வண்டிச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மா எழுந்து ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கரி, ஆயில். மாலையைத் தொட என் கை லாயக்கில்லை. என் வீட்டுக்காரர்தான் ஈரத் துணியைப் பிரித்து மாலையை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் தன் கழுத்திலிருந்த பிளாஸ்டிக்கைத் தானே கழற்றிக் கீழே வைத்தாள். மல்லிகை மாலையை வாங்கி, போட்டுக்கொள்வதற்கு முன் முகத்தோடு சேர்த்து ஒரு மூச்சு இழுத்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. புறங்கையால் துடைக்கப் போய் முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டேன். கெட்டிமேளம் கொட்டியது.

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டர்போவைப் பற்றியும் மாலை போன கதையையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை வருவீங்கதானே அக்கா?"

வாசலில் நிற்கும் வண்டியின் டர்போ செத்துக் கிடக்கிறது, எஞ்சின் வாயில் பனியன் கட்டியிருக்கிறது, இறக்கத்தில் வீடு போய்ச் சேருவோமா என்றே தெரியாது. வருகிறேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை பாதிச் சுமையோடு, முதல் கியரிலேயே போனோம். பூ மட்டும் குறையவில்லை. தம்பி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கெடாய் போத்தோங்கிலிருந்து இன்னொரு டர்போ எடுத்துவந்து மாட்டினான். இந்த முறை பில்டர் போட்ட பிறகுதான் சாவியையே கொடுத்தான். இப்போது வண்டி விசில் அடித்துக்கொண்டு ஏறுகிறது.

அந்தச் சீனக் கிழவரை மலைச் சாலையில் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளம்பும்போது அலுப்பாக இருக்கும், மழை பெய்யும், இன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன என்று மனசு கேட்கும். வருவீர்கள்தானே என்று ஒருவர் நம்மைக் கேட்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கல்யாணத்தில்தான் எனக்குப் புரிந்தது, அதனால் விளக்கைப் போட்டுக் கூடையை எடுத்துவிடுகிறேன்.